வடிகட்டிக்கு முன்னால் நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

முதல் நன்றி, போன வெயில் காலத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருக்கும் எங்களைத் தொலைபேசியில் திட்டித் தீர்த்தவர்களுக்கு. கிண்டல் இல்லை, மனதாரச் சொல்கிறேன். "தண்ணீரில் மண் வாடை வருகிறது, வாயில் வைக்க முடியவில்லை" என்று நீங்கள் சொன்ன நாட்களில் எங்கள் பதிவேட்டில் எல்லாமே சரியாக இருந்தது. கலங்கல் 1 என்.டி.யு.வுக்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே. குளோரின் போதுமான அளவு. கிருமி இல்லை. சும்மா சொல்கிறார்கள் என்று எங்களில் சிலர் பேசிக்கொண்டோம். அதில் நானும் ஒருவன்.

அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். நீலப்பச்சைப் பாசிகளில் சில அதை உண்டாக்கும். ஒரு லிட்டரில் சில நானோகிராம் கலந்திருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். அதை அளக்கும் கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை, உங்கள் வீடுகளில் இருந்தது. ஜியோஸ்மினால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அதே பாசிக் கூட்டத்தில் நஞ்சு சுரக்கும் வகைகளும் உண்டு என்பதால், வாடை வந்தால் நீர்த்தேக்கத்தை எட்டிப் பார்க்க வேண்டும். நாங்கள் வடிகட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் செய்த தப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகார் கூடியதும், தண்ணீர் உள்ளே வரும் இடத்திலேயே குளோரினை ஏற்றச் சொன்னேன். ஆய்வக அக்கா அன்று மாலையே என் மேசைக்கு வந்து நின்றார். "பாசியை உடைத்து, அதற்குள் இருப்பதை எல்லாம் நாமே தண்ணீரில் கொட்டுகிறோம் சார்" என்றார். முழுப் பாசியாக இருந்தால் படிகாரத்தோடு சேர்த்துக் கீழே இறக்கிவிடலாம். செல் உடைந்து வாடையும் நஞ்சும் கரைந்துவிட்டால் மணல் வடிகட்டி அதை அவ்வளவாகப் பிடிக்காது. போதாததற்கு, நீரில் கரைந்திருக்கும் இலைதழைச் சத்தோடு குளோரின் சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன்கள் என்ற, உடம்புக்கு ஆகாத பொருள்கள் உருவாகும். இது 1974-லேயே வெளியான சங்கதி. படித்தும் இருக்கிறேன். ஆனால் தொலைபேசி ஓயாமல் அடிக்கும்போது படித்தது ஞாபகத்துக்கு வருவதில்லை. அக்கா, அன்று நீங்கள் குரலை உயர்த்தாமல் சொன்னதற்குத் தனி நன்றி. இப்போது பெரும்பங்கு குளோரினை வடிகட்டிக்குப் பிறகுதான் சேர்க்கிறோம்.

அடுத்து, படகோட்டும் அண்ணனுக்கு. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அவரை நினைத்துத்தான். நீர்த்தேக்கத்தில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் அளக்க வேண்டும் என்றதும், வெயில் ஏறுமுன் தினமும் படகை எடுத்தார். மேலே வெதுவெதுப்பு, கீழே ஜில்லென்று கனத்த தண்ணீர். இரண்டும் கலக்காமல் தனித்தனி அடுக்காக நின்றன. கீழடுக்கில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. அப்படி ஆகிவிட்டால் அடிச்சேற்றில் அடங்கிக் கிடக்கும் இரும்பும் மாங்கனீசும் கரைந்து மேலேறும். கரைந்த நிலையில் அது கண்ணுக்கே தெரியாது. குழாய்க்குள் குளோரினோடு இருந்து இருந்து, கடைசியில் வெள்ளைத் துணியில் கறுப்பாகத் தெரியும்.

நீரெடுப்புக் கோபுரத்தில் மூன்று மட்டங்களில் மதகு இருக்கிறது. நாங்கள் பல வருடமாகத் திறந்தது அடி மதகை மட்டும். ஏன் என்று கேட்டால் பதில், "எப்போதும் அதைத்தானே திறப்போம்." நடு மதகு துருவேறி இறுகிப்போயிருந்தது. அதை அசைக்க மதகுக்காரர்கள் இருவரும் முழுதாக இரண்டு நாள் மல்லுக்கட்டினார்கள். மேல்மட்டத்துப் பாசிக்குக் கீழே, அடிமட்டத்து மாங்கனீசுக்கு மேலே, நடுவிலிருந்து தண்ணீர் வந்தது. மருந்து எதுவும் போடாமலேயே பாதி வேலை முடிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

மிச்ச மாங்கனீசுக்கு, அதைத் துகளாக்கிப் பிரிக்க உதவும் ஊதா நிற மருந்தான பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடச் சொன்னவர், ஓய்வு பெற்ற எங்கள் பழைய ஆபரேட்டர் ஐயா. கணக்குப்படி 1 மில்லிகிராம் மாங்கனீசுக்கு 1.92 மில்லிகிராம். "கணக்கு காகிதத்துக்கு, தண்ணீர் தன் பங்கைத் தனியாகக் கேட்கும்" என்பார். மற்ற அழுக்கும் மருந்தைத் தின்னும் என்பது அதற்கு அர்த்தம். அவர் பேச்சைக் கேட்காமல் ஒருநாள் நான் கூட்டிப் போட, படிவுத் தொட்டி முழுக்க ரோஸ் நிறம். அந்த நேரம் பணியிலிருந்த தம்பி யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் டோஸை நிறுத்தி, வெளியே போகும் வால்வையும் மூடிவிட்டான். உங்கள் வீட்டுக்கு ரோஸ் தண்ணீர் வராததற்கு அவன்தான் காரணம். தம்பி, அன்று உன்னிடம் கோபப்பட்டதை மறந்துவிடு.

எவ்வளவு படிகாரம் போட வேண்டும் என்று பார்க்கும் ஜார் டெஸ்டை இரவு ஷிஃப்டில் செய்தவர்களை எப்படி விடுவது? ஆறு பீக்கர், ஆறு அளவு படிகாரம். வேகமாக ஒரு நிமிடம், அப்புறம் மெதுவாக இருபது நிமிடம் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் விட்டுப் பார்ப்பது. முன்பு வாரம் ஒருமுறை பேருக்குச் செய்தது, இப்போது தண்ணீர் மாறும்போதெல்லாம் நடக்கிறது. வெளியாட்களுக்கு வியப்பாக இருக்கும், மழைக்குப் பிறகு வரும் செந்நிறக் கலங்கலைத் தெளிய வைப்பதுதான் சுலபம். பார்க்கத் தெளிவாக, உள்ளே பாசி மிதக்கும் தண்ணீர்தான் பஞ்சு போலத் திரளாமல் பாடாய்ப் படுத்தும். மழை நீரில் காரத்தன்மை குறைந்து பிஎச் இறங்குவதைக் கவனித்து, சுண்ணாம்பு சேர்க்கச் சொன்னதும் இவர்கள்தான்.

வாடையை உறிஞ்சும் கரித்தூள் மூட்டைகளை இறக்கி முகமெல்லாம் கறுத்துப்போனவர்களுக்கும் நன்றி. குளோரின் சேரும் இடத்தில் கரியைப் போட்டால் இரண்டும் வீண் என்பதால் அதை முன்னால் நகர்த்தினோம். குழாய் மாற்றிய பிட்டர்களுக்கு அதில் பங்குண்டு.

கணக்குப் பிரிவு மேடத்துக்கும் ஒரு வார்த்தை. "தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, எதற்கு இவ்வளவு செலவு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மில்வாக்கியில் 1993-இல் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் புகுந்து ஏறத்தாழ 4 லட்சம் பேர் நோயில் விழுந்ததைச் சொன்னேன். வழக்கமான குளோரினுக்கு அது சாகாது. படிகாரத்தில் திரட்டி, வடிகட்டியில் பிடித்தால்தான் உண்டு. திரட்டுவது சரியில்லை என்றால் வடிகட்டியும் கைவிட்டுவிடும். கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் கோப்பில் கையெழுத்திட்டீர்கள்.

கடைசியாக, மறுபடியும் வீட்டுக்காரர்களுக்கு. பழைய குழாய்களில் படிந்த மாங்கனீசு, நீரழுத்தம் மாறும்போது இன்னும் சில தெருக்களில் கறுப்பாக வரலாம். வந்தால் வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்து வையுங்கள். எந்தத் தெரு, எத்தனை மணி என்று சொல்லுங்கள். திட்டிக்கொண்டே சொன்னாலும் பரவாயில்லை, குறித்துக்கொள்வோம்.

நன்றியுடன்,
நீர் சுத்திகரிப்பு நிலையப் பொறுப்பாளர்