பகலில் தூங்குபவளுக்கு ஓர் அறை

மதுரை

அன்புள்ள சங்கரனுக்கு,

உன் கடிதமும், கூடவே நீ வரைந்து அனுப்பிய மாடி அறையின் படமும் வந்து சேர்ந்தன. உன் மகள் பாப்பாவுக்கு உள்ளூர் மருத்துவமனையிலேயே செவிலியர் வேலை கிடைத்த செய்தியை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். என் மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தபோது இரவெல்லாம் பக்கத்தில் நின்று கவனித்துக்கொண்டவர் ஒரு செவிலியர்தான். அதனால் என்னைவிட இவளுக்குத்தான் சந்தோஷம் அதிகம். இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். மாடிப்படி ஏறுவதுதான் இன்னும் சிரமமாக இருக்கிறது.

கடிதத்தின் பிற்பகுதியைப் படித்த பிறகு மனம் சரியில்லை. நைட் டியூட்டி முடிந்து காலையில் வருகிறாள், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாள், பன்னிரண்டு மணிக்கெல்லாம் வியர்த்து எழுந்துவிடுகிறாள், மறுபடி தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறாய். மூன்று மணிநேரத் தூக்கத்தோடு அன்று இரவே மருந்தின் அளவைச் சரிபார்த்து ஊசி போடுகிற வேலைக்குப் போகிறாள் அந்தப் பெண். வயசுப் பிள்ளைதானே, தாங்கிக்கொள்வாள் என்று விட்டுவிடாதே.

ஏசி ஒன்றரை டன் போதுமா, எந்த மெத்தை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷம் வீடு கட்டிக் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கையில் இருக்கும் பணத்தை முதலில் கூரைக்குச் செலவு செய். அடுத்தது ஜன்னலுக்கு. ஏசியும் மெத்தையும் அதற்குப் பின்னால் வரட்டும்.

உன் படத்தின்படி அறை பத்துக்குப் பன்னிரண்டு. மேலே வெறும் மொட்டைமாடி, மேற்கிலும் தெற்கிலும் வெளிச்சுவர். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு தளத்தின் அடிப்பக்கத்துக்கு வந்து சேரச் சில மணிநேரம் பிடிக்கும். அதனால்தான் அவள் படுக்கும்போது அறை இதமாகத் தெரிகிறது. உச்சிவேளையில் கூரையிலிருந்து அனல் இறங்கத் தொடங்குகிறது. மூன்று மணிக்கு மேல் மேற்குச் சுவரும் சேர்ந்துகொள்ளும். நாம் விடுதியின் மேல்தளத்தில் இருந்தபோது ஏப்ரல் மாதத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடுவோமே, இரவு பத்து மணிக்கும் முதுகுக்குக் கீழே தளம் சுடும். அந்த நேரத்தில் அதே சூடு கீழே நம் அறைக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட அறையில் ஃபேன் போட்டால், கூரையை ஒட்டி நிற்கிற சூட்டுக்காற்றைத்தான் அது ஆள்மேல் தள்ளும்.

நம் உடம்பின் உள்வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. மாலையில் உச்சத்துக்குப் போய், இரவில் மெல்லக் குறைந்து, விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில் மிகக் கீழே இருக்கும். வித்தியாசம் சுமார் ஒரு டிகிரிதான். ஆனால் அந்த இறக்கத்தோடுதான் தூக்கம் வருகிறது. கை கால்களின் ரத்தக்குழாய்கள் விரிந்து தோல் வழியாகச் சூட்டை வெளியே விடுகின்றன. பாப்பா படுப்பதோ உடம்பின் கடிகாரம் வெப்பத்தை மேலே ஏற்றிக்கொண்டு போகிற நேரத்தில். அறையும் சேர்ந்து சூடேறினால் அவள் உடம்பு சூட்டை எங்கே கொண்டுபோய் விடும்? இரவில் தூங்குகிறவர்களுக்கு இருட்டும் குளிர்ச்சியும் தாமாகவே வந்துவிடுகின்றன. அவளுக்கு அந்த இரண்டையும் அறைதான் உண்டாக்கித் தர வேண்டும்.

உங்கள் வீட்டின் பழைய பகுதி அப்பா கட்டியது. அதில் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, நன்றாக இடித்து, மேலே தட்டோடு பதித்திருக்கிறார்கள். அந்த அறையில் சித்திரை மாதத்திலும் மத்தியானம் உட்கார முடிகிறது. மாடி அறை எழுப்பியபோது அதைச் செய்யாமல் சிமெண்ட் பூச்சோடு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. செலவு, நாள் பிடிக்கும், ஆள் கிடைக்காது என்று காரணம் சொல்லி எங்கே பார்த்தாலும் இப்படித்தான் நடக்கிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. நம் வெயிலுக்கென்று நம் கொத்தனார்கள் கண்டுபிடித்து வைத்திருந்ததை ஒரே தலைமுறையில் கைவிட்டுவிட்டோம்.

இப்போது உனக்கு இருக்கிற வழி, தளத்தின்மேல் வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ் ஒட்டுவது. அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது. இரண்டுக்கும் பணம் இடம்கொடுக்காவிட்டால் சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட்டிங் அடி. மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் நண்பகலில் தளத்தில் கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தெலங்கானா அரசு 2023-இல் இத்தகைய குளிர்கூரைகளுக்கென்றே தனியாக ஒரு கொள்கை வெளியிட்டது. எதைச் செய்தாலும் முதலில் விரிசல்களை அடைக்கச் சொல். தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்கு வாட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார். பிறகு தூசி படியாமல் அவ்வப்போது கழுவிவிட வேண்டும். வெள்ளை அழுக்கேறினால் பலன் குறைந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நிழல். தளத்துக்கு மேலே ஆள் உயரத்துக்குப் பந்தல் இருந்தால் வெயில் தளத்தைத் தொடவே செய்யாது. இடையில் காற்றும் ஓடும். கீற்றுப் பந்தல் வேண்டாம், தீபாவளி நேரத்தில் பக்கத்து வீட்டு வாணம் ஒன்று போதும். தங்கை தொட்டிகளில் பீர்க்கும் புடலையும் போட்டிருப்பதாக எழுதியிருந்தாயே, அவற்றைப் பாப்பாவின் அறைக்கு மேலே மாற்றிக் கம்பிப் பந்தலில் கொடியை ஏற்றச் சொல். தொட்டிகளின் பாரம் தளத்தின் நடுவில் விழாமல், சுவரும் பீமும் போகிற ஓரமாக வரிசை வைக்க வேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதே.

மேற்கு ஜன்னலைச் செங்கல் வைத்து மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே கூடாது. வேறு ஊராக இருந்தால் சரி என்றிருப்பேன். பாளையங்கோட்டையில் ஆனி, ஆடியில் மலைப் பக்கமிருந்து வரும் மேல்காற்று அந்த ஜன்னல் வழியாகத்தான் வர வேண்டும். வெயிலை மறித்துக் காற்றை விடுவதுதான் இங்கே செய்ய வேண்டியது. ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மூங்கில் தட்டி தொங்கவிடு. திரையை உள்ளே மட்டும் போட்டால் வெளிச்சம் நிற்கும். சூடு கண்ணாடியைத் தாண்டி ஏற்கெனவே அறைக்குள் வந்திருக்கும். வெளியே தடுத்தால் வெளியிலேயே நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் உங்கள் ஊர்க் காற்று வறண்டிருக்கும்போது வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் அருமையாக இருக்கும். வரும் காற்று வெளியேறவும் வழி வேண்டும். கிழக்குச் சுவரின் வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருப்பதாகப் படத்தில் குறித்திருக்கிறாய். அதைத் திறந்துவிட்டு, வெளிச்சம் நேராக விழாதபடி மறுபுறம் சாய்வாக ஒரு பலகை மட்டும் அடி.

அடுத்தது இருட்டு. நம் கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருக்கின்றன. நீல வெளிச்சத்துக்கு அவை மிக நன்றாக விழிக்கும். வெளிச்சம் பட்டால், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு குறைந்துவிடும். உடம்பின் இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்குத்தான் 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். பாப்பா காலையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வருகிற பத்து நிமிஷ வெயிலே "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று சொல்லிவிடுகிறது. நீதானே போய் அழைத்து வருகிறாய், வண்டியின் பின்னால் உட்கார்ந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும்.

அறைக்குத் தடித்த துணியில் இரட்டைத் திரை தைக்கச் சொல். கம்பி ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரையடி நீண்டிருக்கட்டும். பெரும்பாலான வீடுகளில் திரை ஜன்னல் அளவுக்கே இருக்கும். ஓரத்தில் வழிகிற வெளிச்சம் நேராக முகத்தில் விழும். கதவின் அடி இடுக்குக்கு ஒரு ரப்பர் பட்டை போதும், வெளிச்சத்தோடு சத்தமும் குறையும். ஸ்டெபிலைசர், மோடம் இவற்றில் எரியும் சின்னச் சின்ன விளக்குகளைக் கறுப்பு டேப்பால் மூடிவிடு. அந்த நீல நிற ஜீரோ வாட் பல்பைக் கழற்றி எறி. நம் வீடுகளில் எல்லாம் ஏன் அந்த நிறம் வந்து குடியேறியது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தூங்கும் அறைக்கு அதைவிடப் பொருந்தாத நிறம் கிடையாது. வேண்டுமானால் மங்கலான மஞ்சள் பல்பு ஒன்றை முழங்கால் உயரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

சத்தத்தைப் பற்றி நினைத்தால்தான் பாப்பாவுக்காக மனம் கனக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. பகலில் 55 வரை போகலாம். நமக்காக இரவெல்லாம் விழித்திருப்பவளின் இரவுக்கு எந்த விதியும் கிடையாது. காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியை உன்னால் நிறுத்த முடியாது, வீட்டுக்குள் முடியும். மிக்ஸி, கிரைண்டர் வேலையை அவள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்துவிடு. துணி அலமாரியைத் தெருப்பக்கச் சுவரை ஒட்டி வை. ஃபேனின் சீரான ஓசையும் இதற்கு உதவும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் வைத்த புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள் ஓடும். மின்தடை நேரத்தில் இன்வெர்ட்டர் இரண்டு மடங்கு நேரம் தாங்கும்.

கட்டிலைக் கிழக்கு உள்சுவரை ஒட்டிப் போடு, மேற்குச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு நல்லது. தலை தெற்கே வரும், அம்மாவுக்கும் திருப்தி. மெத்தைக்கு இலவம் பஞ்சே போதும். விலை உயர்ந்த ஃபோம் மெத்தைகள் பல, உடம்பு விடுகிற சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; நம் ஊருக்கு அவை தேவையில்லை. மாதம் ஒருமுறை வெயிலில் காயப்போட்டு, மேலே பத்தமடைப் பாயை விரித்துக் கொடு. பத்தமடை உனக்குப் பக்கம்தானே, நல்ல கோரையில் நெய்ததாகப் பார்த்து வாங்கு. கொசுவலையும் கட்டாயம் வேண்டும். டெங்குவைப் பரப்புகிற கொசு பகலில் கடிப்பது. இரவில் தூங்குகிற நாமெல்லாம் அதைப் பற்றி யோசிப்பதில்லை, அவள் யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஏசி வாங்கு. கூரை வெறுமையாக இருந்தால் ஒன்றரை டன் வேண்டும். கூரையைச் சரிசெய்துவிட்டால் அந்த அறைக்கு ஒரு டன் போதும் என்பது என் கணக்கு. 2020 முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்குகின்றன. ஃபேனையும் மெதுவாகச் சுழலவிட்டால் 26-இலேயே நன்றாகத் தூங்கலாம். காற்று நேராக முகத்தில் அடிக்காத இடமாகப் பார்த்துப் பெட்டியை மாட்டச் சொல்.

கூரை வேலை முடியும்வரை பாப்பா அந்த மாடியில் படுக்க வேண்டாம். கீழே அப்பாவின் அறையில் நெல் மூட்டையும் பழைய பெட்டிகளும் கிடக்கின்றன என்றாய். அவற்றை இந்த வாரமே மாடிக்கு ஏற்றிவிட்டு அங்கே கட்டிலைப் போடு. அடுக்களைச் சத்தம் கொஞ்சம் கேட்கும்தான், ஆனால் அது குளிர்ந்த அறை. வைகாசியில் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி வருகிறேன். வந்ததும் தளத்தை நேரில் பார்க்கிறேன். கொத்தனாரிடம் அதற்கு முன்பே பேசி வைத்துக்கொள், அந்த மாதம் ஆள் கிடைப்பது கஷ்டம். படத்தில் ஜன்னலின் அகலமும், ஜன்னலுக்கு மேலே போகும் லிண்டல் கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும் விட்டுப்போயிருக்கின்றன. அளந்து உடனே எழுது. தட்டிக்கு இங்கேயே சொல்லிச் செய்து எடுத்துவந்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம், தங்கைக்கும் பாப்பாவுக்கும் எங்கள் அன்பு.

உன்
வேலாயுதம்