சார்ல்ஸ்டன் பயணத்தில் இன்னும் அரை மணி நேரம்

அன்புள்ள சுற்றுலாக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். போன வசந்தத்தில் உங்களோடு தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் அருகே இருக்கும் மிடில்டன் பிளேஸ் என்ற பழைய பண்ணைக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். ஏற்பாடெல்லாம் நன்றாகவே இருந்தது. மனதில் ஒரே ஒரு குறை.

ஆற்றை நோக்கிப் படிப்படியாக இறங்கும் புல்வெளியிலும், வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல வெட்டிய குளங்களின் கரையிலும் இரண்டு மணி நேரம் படம் எடுத்தோம். அப்புறம் பஸ். அதே வளாகத்தில் இருக்கும் ‘எலைசாவின் வீடு’ என்ற சின்ன மரவீட்டுக்குப் போக நேரமில்லை என்றீர்கள். அடுத்த மாதம் நான் மட்டும் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

ஹென்றி மிடில்டன் 1741இல் மேரி வில்லியம்ஸை மணந்தபோது சீதனமாக வந்த இடம் மிடில்டன் பிளேஸ். ஹென்றி, 1774இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய முதல் கண்ட காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவர். அவர் மகன் ஆர்தர், 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பேரன் ஆளுநராகவும் ரஷ்யாவுக்குத் தூதராகவும் இருந்தார். கொள்ளுப்பேரன் வில்லியம்ஸும் ஒரு கையெழுத்துப் போட்டார். 1860இல், அமெரிக்காவைவிட்டுப் பிரியும் தீர்மானத்தில். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற தாளில் தாத்தாவின் பெயர், அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தாளில் பேரனின் பெயர். அதையடுத்து மூண்ட உள்நாட்டுப் போரில், 1865இல் வடக்குப் படை மாளிகையை எரித்தது. இன்று தெற்குக் கட்டடம் மட்டும் நிற்கிறது.

இத்தனை தலைமுறைச் செல்வமும் பெரும்பாலும் நெல்லிலிருந்து வந்தது. அதை விளைவித்தவர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்கள் பிள்ளைகளும். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விவசாயம் பழகியவர்கள் அவர்களில் பலர். அந்த வட்டாரத்துச் சதுப்புகளில் வரப்பு கட்டி, மதகு வைத்து, கடல் ஏற்றத்தில் உயரும் ஆற்று நீரை வயலுக்குள் விட்டு, வற்றும்போது வடித்தார்கள். களை வெட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் ஏக்கர் என்று கணக்கு. கோடையில் மலேரியாவுக்குப் பயந்து முதலாளிக் குடும்பங்கள் கிளம்பிவிடும். சேற்றில் நின்றவர்களுக்குப் போக இடமில்லை.

அறுத்த நெல்லை மர உரலில் குத்தி, புல்லால் பின்னிய வட்டத் தட்டில் புடைத்தார்கள். முறத்தில் என் அப்பாச்சி புடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். முன்விளிம்பை லேசாகத் தட்டி உமியைக் காற்றில் விடும் அந்தக் கைவாகு நம் பலருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கைகளைப் பார்க்காமல் பஸ் ஏறினோமே என்பதுதான் என் வருத்தம்.

எலைசாவின் வீடு, போருக்குப் பின் விடுதலை பெற்றவர்கள் குடியிருந்த சின்ன மரவீடு. கடைசியாக அங்கே வாழ்ந்த எலைசா லீச்சின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். மிடில்டன் குடும்பம் அடிமைகளாக வைத்திருந்தவர்களின் பெயர்கள் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. வரிசை நீண்டுகொண்டே போகிறது. கொஞ்சம் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன்.

அடுத்த முறை தோட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மிச்ச அரை மணியை அந்த வீட்டுக்குக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்விடலாம், பிள்ளைகள் சோர்ந்துபோவதற்குள். அங்கே கேட்கும் கேள்விகளுக்கு அவர்களோடு நின்று பதில் சொல்ல நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு பயணம் செய்த ஒருவன்