மூன்றணாவும் ஒரு ஜவ்வரிசி மூட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் தமிழக எம்.பி.க்களின் வருகைப்பதிவு, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்கள் எல்லாவற்றையும் கட்டம் போட்டு வெளியிட்டிருந்தீர்கள். உழைப்பு தெரிகிறது. முப்பது வருஷம் ரேங்க் அட்டை எழுதிய வாத்தியார் என்பதால் எனக்கும் இந்த மாதிரிப் பட்டியல்கள் பிடிக்கும். ஆனால் முழுவதையும் படித்து முடித்த பிறகும், இவர்களில் ஒருவராவது அவையில் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியவில்லை. அதிகம் கேள்வி கேட்டவருக்கு முதலிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் கேட்டதில் ஒரு கேள்வியைக்கூட அச்சிடவில்லை.

மக்களவையில் ஒரு நாளைக்கு நேரடிப் பதிலுக்கு 20 கேள்வி, எழுத்துப் பதிலுக்கு 230 கேள்வி. எழுத்துக் கேள்வியை உதவியாளரே தயாரித்துவிடலாம். “அரசின் கவனத்துக்கு வந்ததா, வந்திருப்பின் அதன் விவரம் என்ன” என்ற அச்சில் வார்த்தால் கணக்கில்லாமல் வந்து விழும். உங்கள் கட்டத்தில் மேலே ஏற அதுதான் சுலபமான வழி.

கட்டத்துக்குள் அடங்காத ஒரு பேச்சைச் சொல்கிறேன். 1962இல் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மூலையில் உள்ள காஜிப்பூரிலிருந்து விஷ்வநாத் சிங் கஹ்மரி என்பவர் மக்களவைக்கு வந்தார். கஹ்மர் அவர் ஊர். காங்கிரஸ்காரர், அதாவது ஆளுங்கட்சி. அந்த வருஷமே அவையில் எழுந்து, தன் பகுதியில் கூலி வேலை செய்யும் ஏழைகள் மாட்டுச் சாணத்திலிருந்து தானியத்தைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்துச் சாப்பிடுகிறார்கள் என்று சொன்னார். களத்தில் கதிர் மிதிக்க மாட்டுப் பிணையல் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எங்கள் பக்கம் மாட்டுக்கு வாய்க்கூடு கட்டிவிடுவார்கள். கட்டாவிட்டால் மிதிக்கிற மாடு தின்னும், தின்றது முழுதாகச் செரிக்காமல் சாணத்தில் வந்துவிடும். யானை கட்டிப் போரடித்த பெருமையைப் பேசியே வளர்ந்த நமக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கிறது பாருங்கள்.

நேரு கண்கலங்கினார் என்று இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். நேருவின் தொகுதியான பூல்பூரும் அதே கிழக்கு உத்தரப் பிரதேசம்தான். தன் சொந்தத் தலைவரின் முகத்துக்கு எதிரே, அவருடைய சொந்த வட்டாரத்தைப் பற்றி ஓர் ஆளுங்கட்சி உறுப்பினர் இப்படிப் பேசினார் என்பதை நம் கால எம்.பி.க்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அப்புறம் திட்டக்குழு பி.பி. படேல் தலைமையில் ஆய்வுக் குழு ஒன்றை அனுப்பியது. காஜிப்பூர், ஆஜம்கர், தேவரியா, ஜவுன்பூர் என்று நான்கு மாவட்டங்களைச் சுற்றி, 1964இல் அறிக்கை கொடுத்தார்கள்.

அறிக்கை வந்தது, அதற்குமேல் வேகமாக எதுவும் நடந்துவிடவில்லை. 1967இல் தொகுதி கம்யூனிஸ்ட் சர்ஜு பாண்டேயிடம் போய்விட்டது. கங்கையின் தென்கரையில் தாரிகாட்டோடு நின்றுபோன ரயில் பாதையை ஆற்றைக் கடந்து காஜிப்பூருக்குக் கொண்டுபோக அடிக்கல் நாட்டியது 2016 நவம்பரில். சேலத்துக்காரர்களான நமக்கு இதில் அதிர்ச்சி இல்லை. உருக்காலை கேட்டு அண்ணா எழுச்சி நாள் நடத்தியது 1967இல், அடிக்கல் 1970இல், உற்பத்தி தொடங்கியது எண்பதுகளின் தொடக்கத்தில். பேசியவுடன் எல்லாம் நடந்துவிடும் என்று நானும் சொல்லவில்லை.

கஹ்மரி பேசியதற்கு அடுத்த வருஷம் இன்னொருவர் வந்தார். 1962 தேர்தலில் பூல்பூரில் நேருவை எதிர்த்துத் தோற்ற சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா, 1963இல் ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று அவைக்குள் நுழைந்தார். அந்த ஆகஸ்டில் எதிர்வரிசையிலிருந்த ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்ததுதான் சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 21 மணி நேரம் விவாதம். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தீர்மானம் தோற்கும் என்பது கிருபளானிக்கே தெரிந்திருக்கும். அதில்தான் லோகியா, 27 கோடி மக்கள் தலைக்கு ஒரு நாளைக்கு மூன்றணாவில் (ரூபாய்க்குப் பதினாறு அணா) வாழ்கிறார்கள் என்றார். இல்லை, பதினைந்தணா என்றார் நேரு. (அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்து ஆறு வருஷம் ஆகியும் அணாக் கணக்குதான் வாயில் வந்திருக்கிறது. என் அம்மாவும் அப்படித்தான்.)

இந்தச் சண்டையை நான் பன்னிரண்டாம் வகுப்பில் தலா வருமானப் பாடத்துக்கு வருஷா வருஷம் எடுத்துக்கொள்வேன். பதினைந்தணா பொய்யில்லை. நாட்டு வருமானத்தை எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் வருகிற தொகை அது. மில் முதலாளியும் மூட்டை தூக்குபவரும் சேர்ந்த சராசரி. லோகியா கேட்டது கீழ்த்தட்டு 60 சதவீதத்தைப் பற்றி. திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா பிறகு அந்த 60 சதவீதத்துக்கு ஏழரை அணா என்று கணக்குச் சொன்னார். மூன்றா ஏழரையா என்பது இருக்கட்டும், பதினைந்தில் பாதிக்கு அரசாங்கமே இறங்கி வந்தது. லோகியாவின் கணக்கு சரி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஓர் எண்ணுக்கு எதிராக அரசை இன்னோர் எண்ணைச் சொல்லவைத்தாரே, விவாதம் என்றால் எனக்கு அதுதான். கண்ணீர் அந்த வேலையைச் செய்யாது. அதே சமயம், சாணத்தில் தானியம் பொறுக்குகிறார்கள் என்பதை எந்தச் சராசரியும் சொல்லியிருக்காது. அந்தக் களத்து மண்ணிலிருந்து போனவர்தான் சொல்ல முடியும்.

இப்போது நம் ஆட்கள் நிதிப் பகிர்வு பற்றி நிறையப் பேசுகிறார்கள். நியாயமான பேச்சுதான். மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 13ஆவது நிதிக்குழுவில் 4.969 சதவீதம், 14இல் 4.023, 15இல் 4.079. 15ஆவது குழு 2011 மக்கள்தொகையைக் கணக்கில் எடுத்தது, வருமான இடைவெளிக்கு, அதாவது ஒரு மாநிலத்தின் தலா வருமானம் பணக்கார மாநிலத்தைவிட எவ்வளவு குறைவு என்பதற்கு, 45 சதவீத எடை கொடுத்தது. அந்த 45 யாருக்காக என்று கேட்டால், காஜிப்பூர் மாதிரி ஊர்கள் உள்ள மாநிலங்களுக்காக. அதைக் கூடாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் சொல்வது வேறு. இடைவெளியை அளப்பது மாநிலச் சராசரியை வைத்து, அதாவது மறுபடியும் பதினைந்தணாதான். தமிழ்நாடு பணக்கார மாநிலம் என்கிற அந்தச் சராசரிக்குள்ளேதான் எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலையும் இருக்கிறது. “வஞ்சிக்கப்படுகிறோம்” என்று நூறு தடவை சொல்வதைவிட, அந்த மலையிலிருந்து ஒரு குடும்பத்தின் ஒரு வருஷக் கணக்கை அவையில் வாசித்தால் எதிர்வரிசையும் காது கொடுக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று எங்கள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்குக்கு, அதிலுள்ள மாவுச்சத்தை அளந்து ‘பாயிண்ட்’ போட்டுத்தான் விலை. அளவு எடுப்பது ஆலையில்; விவசாயி பக்கத்தில் நின்று பார்க்கிறவர். ஒரு பாயிண்ட் குறைந்தால் அவர் இழப்பது லாபத்தைத்தான், ஏனென்றால் உரம், கூலி, வண்டி வாடகை எதுவும் அதற்காகக் குறையாது. ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்ற புகார் வேறு. விற்பனைக்காக சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இலிருந்து இருக்கிறது, ஆனால் மூட்டையை வாங்குகிற பெரிய சந்தை வடக்கே இருக்கிறது. விரத நாள்களில் வட இந்தியர்கள் சாப்பிடும் சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடியின் விலைக்கும் எங்கள் ஊர்ப் பாயிண்ட்டுக்கும் உள்ள தொடர்பை டெல்லியில் எடுத்துச் சொல்லலாமே! எங்கள் பகுதி உறுப்பினர்கள் சொல்லியும் இருக்கலாம். சொல்லியிருந்தால் அது உங்கள் இதழிலோ வேறு பத்திரிகையிலோ என் கண்ணில் படவில்லை. அவர்கள் வெளிநடப்புச் செய்திருந்தால் படத்தோடு பார்த்திருப்பேன். இதுதான் உங்கள் மேல் எனக்குள்ள வருத்தம்.

பேச விடுகிறார்களா என்று கேட்பீர்கள். அதுவும் சரி. 2018 மார்ச்சில் லட்சக்கணக்கான கோடி ரூபாய் மானியக் கோரிக்கைகள் (அமைச்சகங்களின் செலவுக் கோரிக்கைகள்) விவாதமே இல்லாமல் ‘கில்லட்டின்’ முறையில், அதாவது எல்லாவற்றையும் மொத்தமாக வாக்குக்கு விட்டு, நிறைவேறின. 2023இலும் அப்படியே. சிறிய கட்சி உறுப்பினருக்குக் கிடைப்பது சில நிமிடம், அதற்குள் மணி அடித்துவிடும். அப்படியிருக்க, அந்தச் சில நிமிடத்தில் உருப்படியாக ஒருவர் பேசியதை நீங்களும் போடாவிட்டால் அவர் அடுத்த முறை எதற்காகத் தயாரித்துக்கொண்டு போவார்? கோஷத்துக்குத் தயாரிப்பு தேவையில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் ஒரே ஒரு பேச்சு. எந்தக் கட்சிக்காரர் என்றாலும் சரி. அரைப்பக்கம், பேசியது பேசியபடி, அமைச்சர் கொடுத்த பதிலோடு. அவைக்குறிப்புகள் நாடாளுமன்ற இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன; தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். தேடி எடுக்க ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள். ஓய்வுபெற்றவன், மதியம் முழுக்கச் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.