கயலுக்கு, திருக்கைப் படகு பற்றி

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய மூன்று படகு விவரங்களையும் நிதானமாகப் படித்தேன். கரீபியன் கடலில் இருக்கும் கிராண்ட் கேமன் தீவில் உங்கள் சுற்றுலாக் கப்பல் நிற்பது ஒரே ஒரு பகல், அதில் திருக்கை பார்க்க எந்தப் படகில் போவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவதாக அனுப்பினாயே, இருபது பேருக்கு மேல் ஏற்றாத சின்னப் படகு, அதையே எடு. கப்பல்காரர்கள் விற்கும் பெரிய படகைக் கடைசி வழியாக வைத்துக்கொள். திருக்கையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்தை முகப்பில் போட்டிருக்கும் மூன்றாவது ஆட்களிடம் மட்டும் போகவே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். தீவின் வடக்கே நார்த் சவுண்ட் என்று அகன்ற காயல் ஒன்று இருக்கிறது. வாய்ப்பகுதியில் பவளப்பாறை மதில் போல நிற்பதால் உள்ளே அலை குறைவு. கடலுக்குப் போய் வரும் மீனவர்கள் அந்த அமைதியான தண்ணீரில் படகை நிறுத்தி மீனையும் சங்கையும் சுத்தம் செய்து கழிவை அங்கேயே போடுவார்கள். அதைத் தின்னத் திருக்கைகள் வந்து கூடின. படகுச் சத்தம் கேட்டால் தீனி என்று பழகிவிட்டன. 1980-களில் முக்குளிப்பவர்கள் கையால் ஊட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் ஊரே அதை நம்பிப் பிழைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. ஸ்டிங்ரே சிட்டி என்ற பெயரில் இரண்டு இடம் உண்டு. ஒன்று பன்னிரண்டு அடி ஆழம், ஆக்சிஜன் உருளை கட்டி இறங்குபவர்களுக்கு. இன்னொன்று மணல்திட்டு, பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர். புக் செய்யும்போது மணல்திட்டுதானா என்று பார்த்துக்கொள். உன் பிள்ளை கவினுக்கு அதுவே மார்புக்கு மேலே வரும், அதனால் அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்னாலேயே கேள்.

டிவியில் விலங்குகளைக் காட்டிய ஸ்டீவ் இர்வினை நினைத்து மாப்பிள்ளை தயங்குகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் பயப்படுவது நியாயம்தான். 2006-இல் ஆஸ்திரேலியாவில் அந்த மனிதர் மார்பிலேயே திருக்கை முள் பாய்ந்து இறந்துபோனார், அப்படி நடப்பது மிக அரிது. கேமனில் இருப்பது தெற்கத்தித் திருக்கை என்ற வேறு இனம். ஆனால் அவற்றுக்கும் வாலில் முள் உண்டு, யாரும் பிடுங்கி எடுத்துவிடவில்லை, விஷமும் உண்டு. இரையைப் பிடிக்க அவை அந்த முள்ளைப் பயன்படுத்துவதே இல்லை. மேலே மிதித்தால், அழுத்திப் பிடித்தால், அப்போதுதான் வால் திரும்பும். மணலில் பாதி புதைந்து கிடப்பதால் கண்ணுக்கும் தெரியாது. அதனால் தண்ணீரில் இறங்கியதும் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடக்க வேண்டும். உரசல் பட்டால் அது தானே விலகிப் போய்விடும். கவினுக்கு இதை வீட்டுக் கூடத்திலேயே நடந்து பழக்கிவிடு. குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான வெந்நீரில் அந்த இடத்தை வைத்தால் வலி இறங்கும், பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும். திரேஸ்புரத்தில் வலை இழுக்கிறவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. நம் பக்கத்தில் திருக்கை முள் என்றால் குழந்தைகூடத் தள்ளி நிற்கும். நீ பிறந்தபோது பால் ஊறட்டும் என்று ஆச்சி எனக்கு வைத்துக் கொடுத்ததே திருக்கைக் குழம்புதான். அந்த மீனை உயிரோடு, அதன் போக்கில் நீந்த விட்டுப் பார்க்க உன் மகனுக்கு ஒரு வாய்ப்பு வருகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

சின்னப் படகு என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், அண்ணனோடு அங்கே போனபோது பார்த்தது. எங்கள் படகோட்டி இறங்கும் முன் எல்லோரையும் உட்காரவைத்து, எப்படி நடப்பது, எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். பக்கத்தில் ஒரு பெரிய படகு வந்தது. ஜனங்கள் மொத்தமாகக் குதித்தார்கள். அதன் ஆள் ஒரு பெண் திருக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி ஆள் ஆளாக முதுகில் சாத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதன் செவுள் துளைகள் வயிற்றுப் பக்கம் இருக்கின்றன, தண்ணீருக்கு வெளியே அதற்கு மூச்சு கிடையாது. உடம்பு முழுக்க வழவழப்பான சளிப் படலம், கிருமி அண்டாமல் காப்பதே அதுதான். பலர் கை மாறி மாறித் தேய்த்தால் அது உரிந்துவிடும். இத்தனை வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்த எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. 2013-இல் இயற்றிய தேசிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டப்படி கேமன் கடலில் திருக்கைகள் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். அந்த மணல்திட்டில் அவற்றைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்குவதற்கே தடை இருக்கிறது. தடை இருந்தும் விளம்பரத்திலேயே அப்படிப் படம் போடுகிறவர்கள் உன் பிள்ளையின் பாதுகாப்பில் மட்டும் ஒழுங்காக இருப்பார்கள் என்று நான் நம்பமாட்டேன்.

இதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். திருக்கை இயல்பாக இரவில் இரை தேடும் மீன். 2013-இல் வந்த ஓர் ஆய்வில், இந்த மணல்திட்டுத் திருக்கைகள் பகலில் சுற்றி இரவில் ஓய்ந்து கிடப்பதாகக் கண்டார்கள். கூட்டம் கூட்டமாக ஒரே இடத்தில் அடைந்து கிடக்கின்றன, ஒன்றை ஒன்று கடிக்கின்றன. படகில் அடிபட்ட காயமும் தோல் ஒட்டுண்ணிகளும் மற்ற இடத்துத் திருக்கைகளைவிட இவற்றுக்கு அதிகம் என்று அதற்கு முந்தைய ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. அப்படியென்றால் போகவே கூடாதா என்று நீ கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. உயிரோடு இருக்கும் திருக்கையால்தான் ஊருக்கு வருமானம் என்பதால்தான் அங்கே அதைப் பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள். போகலாம், ஆனால் யாரோடு போகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

அன்று துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கும் என்று கேமன் துறைமுக ஆணையம் அட்டவணை வெளியிடுகிறது. நாலைந்து கப்பல் வரும் நாள் என்றால் மிகக் காலையில் கிளம்பும் படகைப் பிடி. ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க மேடை கிடையாது, நங்கூரம் போட்டு, கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் டெண்டர் படகில்தான் இறக்குவார்கள். அந்த வரிசையிலேயே நேரம் போகும். பிறகு வேனில் காயல் பக்கம் போய் அங்கிருந்து படகு. நீங்கள் போவது டிசம்பர். அப்போது ஹூஸ்டனைவிடக் கேமன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். படகுக்காரர் சொல்லும் நேரம் தீவு நேரமா கப்பல் நேரமா என்று எழுத்திலேயே கேட்டு வாங்கு. கப்பலே நடத்தும் பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியாட்களிடம் போனால் அந்த உறுதி கிடையாது. அதனால் கப்பல் மதியத்துக்கு மேல்தான் வந்து சேரும் என்று நேரம் மாற்றினால், நான் சொன்னதை விட்டுவிட்டுக் கப்பல்காரர்களின் படகிலேயே போ.

டிசம்பரில் வடமேற்கிலிருந்து காற்று வலுத்து வீசும் நாட்கள் உண்டு. அப்போது கப்பலைத் தீவின் தெற்கே ஸ்பாட்ஸ் பக்கம் கொண்டுபோவார்கள், இல்லாவிட்டால் நிற்காமலே போய்விடுவார்கள். முழுப்பணமும் திரும்பத் தருகிறவரிடமே புக் செய். விலை கேமன் டாலரிலா அமெரிக்க டாலரிலா என்றும் பார், ஒரு கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலர்.

கவினுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போட்டுவிடு, வெயில் கிரீமை உள்ளங்கையில் தடவாதே. கணவாய்த் துண்டு கொடுத்து ஊட்டச் சொல்வார்கள். அவன் ஊட்ட வேண்டாம், நீ ஊட்டு. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைத் தண்ணீருக்குள்ளேயே வை. அதன் கண் முதுகில், வாய் அடியில், எதைத் தின்கிறோம் என்று அதற்குத் தெரியாது, மோப்பத்தில் வந்து உறிஞ்சும். விரல் மாட்டினால் நன்றாகவே வலிக்கும். முத்தம் கொடுத்தால் ஏழு வருஷம் அதிர்ஷ்டம் என்று படகில் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். அவன் அசையாமல் நின்று, அது தானாகக் காலை உரசிக்கொண்டு போகட்டும். பட்டு மாதிரி இருக்கும். அவனுக்கு பயம் வந்து படகிலேயே இருக்கிறேன் என்றால் வற்புறுத்தாதே, தெளிந்த தண்ணீர், மேலிருந்தே நன்றாகத் தெரியும்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டாவது படகுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுது. திருக்கையைத் தூக்கிப் படம் எடுக்கிறீர்களா, ஆறு வயதுப் பிள்ளையோடு தண்ணீரில் உங்கள் ஆள் ஒருவர் நிற்பாரா. என்ன பதில் வருகிறது என்று எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்த்து முடிவு செய்யலாம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா