மாப்ள, நீ சி குரூப்புக்கு வா

அன்புள்ள மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. உன் பொண்ணுக்குப் பிரசவம் மே கடைசில இருக்கும்னு சொல்லியிருக்காங்க, நீயும் தங்கச்சியும் ஏப்ரல்லயே மான்செஸ்டர் வந்துருவீங்கன்னு படிச்சதும் எங்க வீட்ல ஒரே சந்தோஷம், எங்க வீட்டம்மா இப்பவே பிரசவ லேகியத்துக்கு என்னென்ன இங்க கிடைக்கும் என்னென்ன ஊர்ல இருந்து எடுத்துட்டு வரணும்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சுட்டா, தனியா அனுப்புவா. நீ ரிட்டயர் ஆனதும் பேங்க்ல யூனியன்காரங்க எல்லாரும் சேர்ந்து விழா எடுத்தாங்கன்னு எழுதியிருந்த, போட்டோ பாத்தேன், கண்ணு கலங்கிருச்சு. அத்தனை வருஷம் நீ அவங்களுக்காக நின்னதுக்கு அது கம்மிதான்.

ஆனா கடைசில ஒரு வரி எழுதியிருந்தியே, டாக்டர் முட்டிய பாத்துட்டு மாடிப்படிய குறைச்சுக்கோங்கன்னுட்டார், உன் வேல்ஸ் மலையெல்லாம் இனி நான் போட்டோலதான் பாக்கணும்னு. இந்த லெட்டரே அந்த வரிக்குப் பதில்தான்டா. மலைன்னாலே உச்சிக்கு ஏறுனாத்தான் மலைன்னு நம்ம ரெண்டு பேரும் வெள்ளியங்கிரி ஏறுன வயசுல நெனச்சோம். இங்க லிவர்பூலுக்கு வந்து ஒரு வாக்கிங் குரூப்ல சேர்ந்தப்புறம் எனக்கு அந்த நெனப்பு சுத்தமா மாறிருச்சு.

எப்படி நடக்குதுன்னு சொல்றேன் கேளு. லிவர்பூல்ல இருந்து ஞாயித்துக்கிழமை காலைல ஒரு கோச், அதான் டூர் பஸ், கிளம்பும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள எரரி மலைக்குள்ள போயிரலாம், ஸ்னோடோனியான்னு நாம மேப்ல பாத்தது அதுதான், 1951ல நேஷனல் பார்க் ஆக்குனாங்க, 2022ல இருந்து பார்க்காரங்களே வெல்ஷ் பேரத்தான் முன்னால வச்சு எழுதுறாங்க. ஒரே கோச், ஒரே பள்ளத்தாக்கு, ஆனா மூணு குரூப். ஏ குரூப் கஷ்டமானது, பி நடுத்தரம், சி லேசானது. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு லீடர், அவர் ரூட்ட முன்னாடியே நடந்து பாத்திருப்பார். கோச்ல வரும்போதே பேப்பர் சுத்தி வரும், யார் எந்த குரூப்னு பேர் எழுதணும். சாயங்காலம் மூணு குரூப்பும் அதே கோச்சுக்கு வந்து சேரணும். அந்த ஏற்பாடுதான்டா எனக்கு ரொம்பப் பிடிச்சது. எண்பது வயசுக்காரரும் இருபத்தஞ்சு வயசுப் பொண்ணும் ஒரே பஸ்ல வந்து, ஆளுக்கு ஏத்த மாதிரி நடந்துட்டு, சேறு பூட்ஸோட பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஊருக்குத் திரும்புறாங்க, யாரையும் வீட்ல விட்டுட்டு வர வேண்டியதில்ல.

ஆக்வென் பள்ளத்தாக்க எடுத்துக்க. ஏ குரூப் ட்ரவன் மலைக்குப் போகும், 917 மீட்டர், ரோட்டுல இருந்தே செங்குத்தா கிளம்பி நிக்கும், வடக்கு முகடு வழியா ஏறுனா பல இடத்துல கையும் வச்சுத்தான் ஏறணும், இதுக்கு இங்க ஸ்க்ராம்ப்ளிங்னு பேரு. உச்சில ஆளுயரத்துக்கு மேல ரெண்டு கல்லு நட்டு வச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல நிக்கும், ஆடம் அண்ட் ஈவ்னு சொல்வாங்க, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாண்டுறது ஒரு வழக்கம், தவறுனா என்ன ஆகும்னு யோசிச்சாலே எனக்கு வயித்தக் கலக்கும், நான் தாண்டுனதில்ல, தாண்டவும் மாட்டேன். அங்கருந்து இறங்கி மறுபடி க்ளிடர் மலைங்க மேல ஏறி சுத்தி வர ஏழெட்டு மணி நேரம் ஆயிரும். பி குரூப் அ கார்ன்னு 947 மீட்டர் மலை, ட்ரவன விட உயரம்தான் ஆனா கை வைக்க வேண்டாம், கால்ல நடந்தே ஏறிரலாம், இறங்குறப்ப டெவில்ஸ் கிச்சன்னு பாறைப் பிளவு பக்கமா கல்லுப்படி வழியா வருவாங்க, ஈரமா இருந்தா அங்க கவனமா கால் வைக்கணும். உயரம் ஒண்ண வச்சு மட்டும் கஷ்டத்த அளக்க முடியாதுங்கறதுக்கு இந்த ரெண்டு மலையே சாட்சி.

சி குரூப் இட்வல் ஏரிய சுத்தி வரும். ரோட்டுல இருந்து போய் சுத்திட்டு வர மொத்தமே அஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான், பாதைல பெரும்பகுதி கல்லு பாவி வச்சிருக்காங்க, ஏத்தம் கொஞ்சம்தான். லேசுன்னு சொன்னதும் பார்க்ல காலை வாக்கிங் போறதுன்னு நெனச்சுக்காத. சிரட்டைய பாதியா உடைச்சு வச்ச மாதிரி மூணு பக்கமும் கருப்புப் பாறை, நடுவுல அந்த ஏரி. 1954ல வேல்ஸ்லயே முதல் நேஷனல் நேச்சர் ரிசர்வ்னு அறிவிச்ச இடம் அது. பனியுகத்துல அந்தப் பள்ளம் முழுக்க பனியாறு இருந்துச்சு, அது நகர்ந்து நகர்ந்து தோண்டுனதுதான் அந்த ஏரி. இப்பவும் ஏரிக்கரைல குவியல் குவியலா மண்மேடு இருக்கும், பனி தள்ளிக்கிட்டு வந்து போட்டுட்டுப் போன மண்ணு. பாதையோரத்துல வழவழன்னு இருக்கற பாறை மேல கைய வச்சுப் பாத்தா நீளநீளமா கீறல் ஓடுறது விரலுக்கே தெரியும், எல்லாம் ஒரே திசைய பாத்து ஓடும், பனிக்குள்ள சிக்குன கல்லு உரசிக்கிட்டே போன தடம். பத்தாயிரம் வருஷத்துக்கு மேல ஆயிருச்சு, இன்னும் அழியல.

இதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். சார்லஸ் டார்வின் 1831ல, பீகிள் கப்பல்ல உலகம் சுத்தக் கிளம்புறதுக்கு முன்னாடி, செட்ஜ்விக்னு ஒரு பெரிய புவியியல் பேராசிரியரோட இந்த இடத்துக்கு வந்து மணிக்கணக்குல பாறையில ஃபாசில், கல்லாப் போன பழைய உயிர்களோட தடம், தேடியிருக்கார். ரெண்டு பேருக்குமே இந்தக் கீறலும் மண்மேடும் கண்ணுல படல. 1842ல திரும்ப வந்து பாத்தப்பத்தான் இது பனியாத்து வேலைன்னு இவ்வளவு தெளிவா எழுதி வச்சிருக்கே, அன்னைக்கு எப்படி விட்டோம்னு அவருக்கே ஆச்சரியம். ஏரியோரத்துல ஒரு பெரிய பாறை நாலு துண்டா பொளந்து கிடக்கும், அவர் பேர்லயே சொல்றாங்க. ஏ குரூப்ல போறவங்க இந்த ஏரிய சாயங்காலம் இறங்குறப்ப முட்டி வலியோட, கோச்சுக்கு நேரமாச்சேன்னு வேகவேகமா தாண்டிப் போறாங்க. சி குரூப்தான் நின்னு பாக்குது. எங்க சி லீடர் ஒரு ரிட்டயர்ட் ஸ்கூல் டீச்சரம்மா, அந்தம்மா ஒரு கல்லுகிட்ட அரை மணி நேரம் நிப்பாங்க, யாரும் அவசரப்படுத்த மாட்டாங்க. மேல பாறையிடுக்குல ஸ்னோடன் லில்லின்னு ஒரு சின்ன வெள்ளைப் பூ, இந்த நாட்டுலயே எரரி மலைங்கள விட்டா வேற எங்கயும் கிடையாது, மே கடைசி ஜூன் ஆரம்பத்துலதான் பூக்கும், அந்தம்மா பைனாகுலர் எடுத்துட்டு வந்து எல்லாருக்கும் குடுத்து எங்க பாக்கணும்னு காட்டுவாங்க. நீ இங்க இருக்கறப்பதான் அது பூக்கற நேரமும்.

குரூப்போட கடைசில ஒருத்தர் வருவார், பேக் மார்க்கர்னு பேரு, அவருக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது, அதுதான் அவர் வேலை. ஒவ்வொரு வேலியத் தாண்டுற இடத்துலயும் லீடர் நின்னு தலைய எண்ணுவார். இன்னொரு நல்ல பழக்கம் பாத்தேன், பின்னால வர்றவங்க வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிர மாட்டாங்க, ஏன்னா முன்னால போனவங்க அதுவரைக்கும் ரெஸ்ட் எடுத்திருப்பாங்க, பின்னால வந்தவருக்குத்தான ரெஸ்ட் வேணும், அவர் தண்ணி குடிச்சு மூச்சு வாங்கி முடிச்சப்புறம்தான் கிளம்புவாங்க. இதை சரியா செய்யற லீடர்தான் நல்ல லீடர்னு நான் சொல்வேன், மத்த திறமையெல்லாம் அப்புறம்.

கஷ்டத்த எப்படி கணக்குப் போடுறாங்கன்னு கேட்டிருந்த. நெய்ஸ்மித்துன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892ல ஒரு கணக்கு சொன்னார், மூணு மைலுக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 2000 அடி ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்னைக்கும் எல்லாரும் அதுலதான் ஆரம்பிக்கறாங்க, ஆனா அது நல்ல தெம்பான ஆளுக்கு, நிக்காம நடக்கறதுக்குப் போட்ட கணக்கு, குரூப்புக்கு அதை விட நெறையவே கூட்டணும். தூரம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுட்டு யாராவது பேர் குடுத்தா எனக்கு பயமா இருக்கும், எவ்வளவு ஏத்தம், கீழ கல்லா புல்லா சேறான்னு கேக்கணும்.

அதே பாதை எல்லா நாளும் அதே பாதை கிடையாதுங்கறது இன்னொண்ணு. வேல்ஸ்ல ரொம்ப உயரமான மலை அர் வித்வா, ஸ்னோடன்தான், 1085 மீட்டர். அதுக்கு ஏற ஆறு பேர்போன பாதை, அதுல லான்பெரிஸ் பாதைதான் லேசானதுன்னு எல்லாரும் சொல்வாங்க, நீளம்தான் ஜாஸ்தி, 1896ல போட்ட மலை ரயில் பக்கத்துலயே போகும். கோடைல குழந்தைகளக் கூட்டிட்டு குடும்பம் குடும்பமா ஏறுறாங்க. அதே பாதை மேல ஒரு இடத்துல குளிர்காலத்துல பனி இறுகி சரிவு கண்ணாடி மாதிரி ஆயிரும், வழுக்குனா நிக்கறதுக்கு இடமே இல்ல, அங்க உயிர் போயிருக்கு. அதனால எங்க லீடருங்க டிசம்பர்ல சி குரூப்ப பள்ளத்தாக்குக்கு கீழயே வச்சுக்குவாங்க, காத்து ஜாஸ்தின்னா ஏ குரூப்பே பி ரூட்டுக்கு மாறிரும், யாரும் முணுமுணுக்கறதில்ல. ஏதாவது ஆச்சுன்னா வர்ற மவுண்டன் ரெஸ்க்யூ ஆளுங்க எல்லாம் வாலண்டியருங்க மாப்ள, தச்சர், நர்ஸ், வாத்தியார்னு வேலை பாக்கறவங்க, நடுராத்திரி மழையில எந்திரிச்சு வராங்க, ஒரு பைசா வாங்கறதில்ல. அவங்கள நெனச்சாலே கை எடுத்துக் கும்பிடத் தோணுது.

உனக்குப் பிடிக்கிற சங்கதி ஒண்ணு, நீ வரப்போற மான்செஸ்டர் பக்கத்துலயே நடந்தது. 1932ல கிண்டர் ஸ்கவுட்ங்கற மேட்டுநெலத்துல, ஜமீன்தாருங்க வேட்டைக்குன்னு அடைச்சு வச்சிருந்த எடத்துக்குள்ள தொழிலாளிப் பசங்க நூத்துக்கணக்குல கூட்டமா ஏறிப் போனாங்க, அஞ்சு பேர ஜெயில்ல போட்டாங்க. அப்புறம் 1949ல நேஷனல் பார்க் சட்டம், 2000ல மலைல சுதந்திரமா நடக்கற உரிமைச் சட்டம். வாரம் ஆறு நாள் மில்லுல நின்னவங்களுக்கு ஞாயித்துக்கிழமை மலை வேணும்னு கேட்டு வாங்குனது. யூனியன்காரன் நீ, அந்த எடத்துல உன்னைய நிக்க வைக்காம விட மாட்டேன், அதுக்கு ஒரு நாள் தனியா வச்சுக்குவோம்.

எங்க வீட்டம்மா கதையும் சொல்லணும். இங்க வந்த புதுசுல மழை, இருட்டு, பேச ஆளில்ல, அவ ரொம்ப ஒடுங்கிப் போயிருந்தா, உனக்குத் தெரியும். அந்த டீச்சரம்மாதான் லைப்ரரில பாத்துட்டு கூப்பிட்டாங்க. சேலைய விட்டுட்டு பேண்ட் போட கூச்சப்பட்டவ இப்ப பி குரூப்புக்கு பேக் மார்க்கர். அவ கொண்டு போற புளியோதரைக்கு ஏ குரூப்ல இருந்தே ஆள் தேடி வராங்க. நான் சில நாள் அவளோட பி, நெறைய நாள் சி, எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல.

இப்ப காரியத்துக்கு வரேன். முதல்ல உன் ஆர்த்தோகிட்டயே கேளு, லேசா ஏத்த இறக்கம் இருக்கற கல்லுப் பாதைல அஞ்சு கிலோமீட்டர், கம்பு ஊணி, நடுவுல உக்காந்து உக்காந்து நடக்கலாமான்னு. இறங்குறதுதான் முட்டிக்கு எதிரி, அதனால ரெண்டு கைக்கும் வாக்கிங் போல் வேணும், எங்கிட்ட இருக்கு. வேண்டாம்னு அவர் சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல, ஏரி வரைக்கும் கூட போக வேண்டாம், ரோட்டோரமே ஆக்வென் ஏரி இருக்கு, அங்க உக்காந்து ட்ரவன அண்ணாந்து பாத்துட்டு டீ குடிச்சுட்டு வரலாம். சரின்னு சொன்னா இப்ப இருந்தே சாயங்காலம் தெப்பக்குளத்த சுத்தி நட, முதல்ல ஒரு சுத்து, அப்புறம் ரெண்டு. ஜீன்ஸ் கொண்டு வராத, நனைஞ்சா காயாது, குளிர் ஏறிரும், லீடரே கோச்சுல இருந்து இறங்க விட மாட்டார். ஷூ இங்க வாங்கிக்கலாம், கால் அளவ மட்டும் பேப்பர்ல வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பு, தங்கச்சியோடதும் சேர்த்து. ஜூன் முதல் ஞாயிறு கோச்சுக்கு நாலு சீட் சொல்லி வைக்கறேன், பாப்பா வந்தப்புறம் வீட்ல யார் இருக்கறதுன்னு பொண்ணுகிட்ட பேசிட்டு வர்ற வாரத்துக்குள்ள எழுது.

உன்,
பழைய ரூம்மேட்