ஆறு வருஷச் சண்டை

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ கேட்ட பழைய பத்திரிகைக் கட்டு உன் மாமா வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது, அவரிடம் நீயே பேசிக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்டும் சாகசக் கதை எழுத்தாளர் ராபர்ட் ஹோவர்டும் எழுதிக்கொண்ட கடிதங்களை முடித்துவிட்டேன், இரண்டு தடித் தொகுதிகள். லவ்கிராஃப்டுக்குக் கிழக்குக் கரையில் பிராவிடன்ஸ் நகரம், ஹோவர்டுக்கு டெக்சாஸில் கிராஸ் பிளெயின்ஸ் என்ற சின்ன ஊர். கடைசிவரை நேரில் பார்த்துக்கொண்டதே இல்லையடா! 1930ல் 'வியர்டு டேல்ஸ்' என்ற திகில் கதைப் பத்திரிகை லவ்கிராஃப்டின் எலிக் கதையை மறுபிரசுரம் செய்தது. முடிவில் புத்தி பேதலித்தவன் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெய்லிக் மொழியில் உளறுவானே, அந்த வரியை ஹோவர்டு பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில் நடக்கிற கதைக்கு வேல்ஸ் பகுதி மொழியான வெல்ஷின் சாயல் அல்லவா பொருந்தும், அப்படியானால் பிரிட்டனுக்கு முதலில் வந்தவர்கள் கெய்லிக் பேசிய கெய்ல்கள் என்ற கட்சியா இவர் என்று பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். உண்மையில் லவ்கிராஃப்ட் அந்த வரியை இன்னொருவர் கதையிலிருந்து எடுத்திருந்தார், அவ்வளவுதான். ஆசிரியர் ரைட் அந்தக் கடிதத்தை லவ்கிராஃப்டுக்கு அனுப்பிவைக்க, தொடங்கியது பேச்சு.

அப்புறம் ஆறு வருஷம் சண்டை. நாகரிகமா, காட்டுமிராண்டி வாழ்வா? லவ்கிராஃப்டுக்கு ரோமாபுரியும் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தும்தான் உயிர். ஹோவர்டோ எண்ணெய் கிடைத்ததும் ஊர்கள் திடீரென்று வீங்கி, சூதும் அடிதடியும் புகுந்ததைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர், முன்னேற்றம் என்று யார் சொன்னாலும் நம்பமாட்டார். 1935ல் முசோலினி எத்தியோப்பியாவுக்குள் புகுந்தபோது இதுவா உங்கள் நாகரிகம் என்று அவர் பாயும் பக்கங்களைப் படித்துப் பார். இனவெறி இருவரிடமும் உண்டு, லவ்கிராஃப்டிடம் பல இடங்களில் குமட்டுகிறது, அதை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனாலும் இவ்வளவு மோதியும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை குறையவில்லை.

பணக் கஷ்டம்தான் மனதைப் பிசைகிறது. கோனன் என்ற காட்டுமிராண்டிக் கதைநாயகனை உலகுக்குத் தந்த ஹோவர்டுக்கு 1935ல் அந்தப் பத்திரிகை எண்ணூறு டாலருக்கு மேல் பாக்கி, வீட்டில் அம்மாவுக்குக் காசநோய். 1936 ஜூன் 11, அம்மாவுக்கு இனி நினைவு திரும்பாது என்று தெரிந்ததும் காருக்குள் போய்ச் சுட்டுக்கொண்டார். வயது முப்பது. அம்மா மறுநாள் போனார். லவ்கிராஃப்ட் ஆடிப்போய் நண்பர்களுக்கெல்லாம் அவரைப் பற்றி எழுதினார். அடுத்த மார்ச்சில் அவரும் இல்லை.

நான் ஹோவர்டு பக்கம். நீ எப்போதும் நகரத்துக்காரன், எதிர்ப்பக்கம்தான் நிற்பாய். எத்தியோப்பியாவுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? போனில் சொல்லாதே, பாதியில் வைத்துவிடுவாய். எழுது. முதல் தொகுதியை அடுத்த வாரம் உன் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்