45 செ.மீ. மாலைக்கு 26 செ.மீ. பாசி: எடைக் கணக்கைத் திருத்தக் கோரி புகார்

அனுப்புநர்:
மகளிர் சுயஉதவிக் குழுவினர் (பாசி, சோழி கைவினை),
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கைவினைப் பொருள் விற்பனை நிறுவனம்.

பொருள்: 11/0 (பாசியின் அளவு எண்) பாசிக் கயிறு மாலை கிட், 25 எண்ணம். பாசி பற்றாக்குறை, கிட்டோடு வந்த அட்டையில் எடைக் கணக்குத் தவறு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்களிடம் வாங்கிய 25 கிட்டிலும் பாசி போதவில்லை. பொட்டலத்தின் மேல் போட்டிருக்கும் எடை சரியாகவே இருக்கிறது. அந்த எடைக்கு நீங்கள் வந்த வழிதான் தவறு. தொலைபேசியில் சொன்னபோது, "இறுக்கிப் பின்னினால் பாசி கூடுதலாகப் பிடிக்கும்" என்று பதில் வந்தது. அதனால்தான் கணக்கோடு எழுதுகிறோம்.

குரோஷாவில் பின்னும் இந்தக் கயிற்றின் டிசைனில் ஒரு சுற்றுக்கு 6 பாசி. ஒரு ரிப்பீட்டுக்கு (டிசைன் ஒரு முறை முழுதாக வருவதற்கு) 12 சுற்று, அதாவது 72 பாசி: கடல்நீலம் 36, வெள்ளை 24, பொன்னிறம் 12. பின்னி முடித்தால் ஒரு ரிப்பீட் 2 செ.மீ. நீளம் வருகிறது. உங்கள் அட்டையும் அதையேதான் சொல்கிறது. 45 செ.மீ. மாலைக்கு இருபத்திரண்டரை ரிப்பீட், முழுசாக்கினால் 23. ஆக நீலம் 828, வெள்ளை 552, பொன்னிறம் 276. மொத்தம் 1656 பாசி. இதுவரை பிழை இல்லை.

பிழை அடுத்த படியில் இருக்கிறது. அட்டையில் நீலம் 4.14 கிராம், வெள்ளை 2.76, பொன்னிறம் 1.38 என்று அச்சிட்டு, அரை கிராமுக்கு உயர்த்தி 4.5, 3, 1.5 என்று பொட்டலம் கட்டியிருக்கிறீர்கள். 828-ஐ 200-ஆல் வகுத்தால் 4.14. மற்ற இரண்டும் அப்படியே. கிராமுக்கு 200 என்பது டெலிகா போன்ற 11/0 உருளைப் பாசியின் கணக்கு. அதன் சுவர் மெல்லியது, துளை பெரியது, அதனால் எடை குறைவு. கிட்டில் நீங்கள் வைத்திருப்பது உருண்டைப் பாசி. அதுவும் 11/0தான், ஆனால் கிராமுக்கு 110 அளவில்தான் நிற்கும். 11/0 என்ற அளவு எண் ஒன்றாக இருப்பதால் எடையும் ஒன்றாகிவிடாது.

இதை நிறம் நிறமாக நிறுத்துப் பார்த்தோம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் தராசு வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, கடற்கரைப் பக்கத்து ஜன்னலையும் சாத்த வேண்டும். இங்கே அடிக்கிற காற்றில் கடைசி இலக்கம் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். நீலத்தில் 5 கிராம் நிறுத்து, ஊசியில் பத்துப் பத்தாக ஏற்றி எண்ணினால் 550-ஐ ஒட்டி வருகிறது. இரண்டு பொட்டலத்தைச் சேர்த்தால்தான் 5 கிராம் தேறும். வெள்ளையும் அதே கணக்கு. பொன்னிறம் கிராமுக்கு 107 அளவு. பூச்சுக்குப் பூச்சு இந்த எண் மாறும் என்பதால் ஒரு நிறத்தை எண்ணி மற்றதற்கும் அதையே போடக் கூடாது.

110-ஆல் கணக்கிட்டால் 4.5 கிராம் நீலத்தில் 495 பாசி. 36-ஆல் வகுத்தால் 13 ரிப்பீட் போக மிச்சம் ஒன்றுக்குப் போதாது. வெள்ளை 330 பாசி, அதுவும் 13. பொன்னிறம் 160 அளவு, அதுவும் 13. பொட்டலம் கட்டியவர் கை தவறியிருந்தால் ஒரு நிறம் முன்னும் ஒரு நிறம் பின்னும் தீர்ந்திருக்கும். மூன்றும் ஒரே ரிப்பீட்டில் தீர்வது வகுத்த எண் தவறு என்பதற்குச் சான்று. 13 ரிப்பீட் என்றால் 26 செ.மீ. கழுத்தைச் சுற்றிக்கூட வராது.

இறுக்கிப் பின்னுவது பற்றிய உங்கள் பதிலுக்கு: இறுக்கமோ தளர்வோ, ஒரு ரிப்பீட்டுக்கு 72 பாசிதான். நீளம்தான் கொஞ்சம் கூடும், குறையும். 13 ரிப்பீட்டில் 45 செ.மீ. எட்ட வேண்டுமானால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றரை செ.மீ. நீள வேண்டும். அவ்வளவு தளர்த்தினால் பாசிக்கு நடுவே நூல் பல்லிளிக்கும், கயிறு கயிறாகவே நிற்காது.

குரோஷா பாசிக் கயிற்றில் பின்னத் தொடங்கும் முன்பே எல்லாப் பாசியையும் டிசைன் வரிசையில் நூலில் கோத்துவிட வேண்டும். கடைசியில் கோத்ததுதான் முதலில் பின்னலுக்கு வரும். இடையில் தீர்ந்தால் நூலை அறுத்து, புதிதாகக் கோத்து, ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுப் போட்ட இடம் மேடாகத் தட்டும். புதிதாக வாங்கும் நீலம் வேறு லாட்டாக (வேறு தயாரிப்புத் தொகுதியாக) இருந்துவிட்டால் வெயிலில் பிடித்ததும் நிற வேறுபாடு பளிச்சென்று தெரியும். ராமேசுவரம் கடைகளில் மாலையை வெளியே தொங்கவிட்டுத்தான் விற்கிறார்கள். இரண்டு நீலம் தெரிகிற மாலையைக் கடைக்காரர் வாங்க மாட்டார். ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு இது.

எங்கள் கோரிக்கைகள்:

உடைந்தது, கோணலானது, துளை அடைத்தது போக நூற்றுக்குப் பத்து கூடுதலாகச் சேர்த்தால் ஒரு கிட்டுக்கு இன்னும் நீலம் 3.8, வெள்ளை 2.6, பொன்னிறம் 1.4 கிராம் தேவை. 25 கிட்டுக்கு 95, 65, 35 கிராம். பொட்டலத்தில் உள்ள அதே லாட் எண்ணிலேயே அனுப்புங்கள். அந்த லாட் கையிருப்பில் இல்லையென்றால் மூன்று நிறத்தையும் முழு அளவில் ஒரே லாட்டாக மாற்றித் தாருங்கள், அல்லது கிட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுங்கள். அனுப்பும் செலவு உங்களுடையது.

அட்டையைத் திருத்துங்கள். ஒரு ரிப்பீட்டில் நிறவாரியாக எத்தனை பாசி, ஒரு ரிப்பீட் எத்தனை செ.மீ., உள்ளே இருப்பது உருண்டையா உருளையா, கிராமுக்கு எத்தனை என்பது நான்கும் அச்சில் இருக்க வேண்டும். இந்த நான்கும் இருந்தால் வாங்குகிறவர் வேறு நீளத்துக்கும் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார். உங்கள் 8/0 (11/0-ஐவிடப் பெரிய பாசி) பை வார் கிட்டுக்கும் இதே 200-ஐப் போட்டிருந்தால் உடனே விற்பனையை நிறுத்துங்கள். 8/0 உருண்டைப் பாசி கிராமுக்கு 40 அளவில்தான் வரும். அதில் வாங்குகிறவருக்கு ஐந்தில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

நூல், குரோஷா ஊசி, கொக்கி ஆகியவற்றில் குறை எதுவும் இல்லை.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம். "45 செ.மீ. மாலைக்குப் போதுமானது" என்று உறையில் அச்சிட்டிருக்கிறீர்கள், அந்த உறைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இணைப்பு: விலைச்சீட்டு நகல், உறை மற்றும் லாட் எண் புகைப்படம், அளவுகோலோடு வைத்த 13 ரிப்பீட் கயிற்றின் புகைப்படம், நிறவாரி எடைக் குறிப்பு.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்,
மண்டபம்.